காசிமேட்டுப் படகுக் கரையைப் பூங்கா ஆக்கலாமா?

நடைவண்டி:
போன ஞாயிறு வட சென்னையில் ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பித்து, கல்மண்டபம் வழியாகக் காசிமேடு வரை நடந்தேன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய நிலையம் அது. தூண்கள் கம்பீரமாகத்தான் நிற்கின்றன, நின்று பார்க்கத்தான் ஆள் இல்லை. துறைமுகம் ஓரமாக வந்தால் பூட்டிய கிடங்குகள், கன்டெய்னர் லாரி வரிசை. காசிமேட்டில் மீன்பிடிப் படகு கட்டும் கரைக்குப் போனால் பாதி இடத்தைப் பழைய மரப்படகுகள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. பலகையெல்லாம் பிரித்தாகிவிட்டது, உள்சட்டம் மட்டும் மிச்சம்.

2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி, இரும்புத் தாது கையாள்வது நின்றது. தூசி போன பிறகாவது இந்தக் கரையை ஊருக்குத் திறந்துவிட வேண்டாமா? படகு வேலையை எண்ணூருக்கு வடக்கே இருக்கிற காட்டுப்பள்ளிக்கு மாற்றலாம், கப்பல் கட்டும் தளமே அங்கேதான் இருக்கிறது. இங்கே கடலோர நடைபாதை, பழைய கிடங்கு ஒன்றில் படகு அருங்காட்சியகம். தெற்கே மெரினா, பெசன்ட் நகர் என்று இருக்கும்போது வடக்கே ஒன்றுகூட வேண்டாமா?

லேலண்ட் மெக்கானிக்:
சார், எந்த மாதம் வந்தீங்க? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது வந்து பாருங்கள். விசைப்படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டியிருக்கிற சிப்பியைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, புரொப்பல்லரைச் சுழற்றுகிற ஷாஃப்டைக் கழற்றி, இன்ஜினை இறக்கி எல்லா வேலையும் அந்த இரண்டு மாதத்துக்குள் முடிய வேண்டும். நீங்கள் வீணாகக் கிடக்கிறது என்று நினைத்த இடத்துக்கு அப்போது அடிதடியே நடக்கும்.

காட்டுப்பள்ளி யோசனை நல்ல தமாஷ். அது கடலோரக் காவல்படைக்கு ரோந்துக் கப்பல் கட்டுகிற தளம். 2018இல் படையில் சேர்ந்த 'விக்ரம்' அங்கே கட்டியதுதான். அதன் வாசலில் எங்கள் ஓனர் படகைக் கொண்டுபோய், "ஷாஃப்ட் அதிருது, கொஞ்சம் பாருங்க" என்று நின்றால் உள்ளே விடுவார்களா? எங்களுக்கு வெல்டர், லேத் பட்டறை, வலைக்கடை, ஐஸ், டீசல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் வேண்டும்.

பனைமரத்தொட்டி:
மெக்கானிக் அண்ணே, நான் இதில் நடைவண்டி பக்கம். ஆனால் அருங்காட்சியகம் எல்லாம் வேண்டாம்.

நிலக்கரி இறங்கிய காலத்தில் எங்கள் மாடியில் காயப்போட்ட துணியை உதறாமல் மடிக்க முடியாது. வெள்ளைச் சட்டை போட்டுப் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேளுங்கள். அது நின்று இத்தனை வருஷமாகியும் அம்மா சாயங்காலம் காலாற நடக்க ஒரு இடம் கிடையாது. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வண்டிகள், அந்தப் பக்கம் கருங்கல். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கல்மேல் ஏற வேண்டும், மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்? "தொழில் நடக்கிற இடம்" என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பக்கம் எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார்கள். அனல்மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, கொடுங்கையூர் குப்பை. உங்கள் தொழிலும் அந்த வரிசையில் வந்து நின்றுகொண்டு எங்களை ஓரமாகப் போகச் சொன்னால் எப்படி?

ஓடாவி வீட்டுப்பிள்ளை:
எங்கள் அப்பா ஓடாவி. மரப்படகு கட்டுகிறவர்களுக்கு அதுதான் பெயர். அதனால் அருங்காட்சியகம் பற்றி நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

படகில் பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கிற இடுக்கை அடைப்பதற்குக் கலப்பத்து என்று பெயர். பஞ்சைத் திரித்து, எண்ணெயில் ஊறவைத்து, மொட்டை உளியை வைத்துச் சுத்தியால் இடுக்குக்குள் அடித்துக்கொண்டே போக வேண்டும். முதலில் 'பொத்'தென்று கேட்கும். நன்றாக இறுகியதும் 'டக்'கென்று கேட்கும். அப்பா கண்ணால் பார்க்கவே மாட்டார், காதுதான். மேலே குங்கிலியப் பூச்சு. ஒரு இடம் விட்டுப்போனாலும் கடலில் தண்ணீர் ஏறும், அப்புறம் அவர் வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கும்.

கேட்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்குத் தோள்பட்டையைத் தூக்க முடியாது. மரத்தின் விலைக்கும் கூலிக்கும் கட்டுப்படியாகாமல்தான் ஓனர்கள் இரும்புக்கும் ஃபைபருக்கும் போனார்கள். தம்பி இப்போது வெல்டர், அதே கரையில் இரும்புப் படகு கட்டுகிறான், அவனுக்கு உளியைப் பிடிக்கத் தெரியாது, அதைப் பற்றி அப்பாவுக்கு வருத்தமும் இல்லை. போனது மரம்தான், வேலை போகவில்லை. உளியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தம்பியைத் துரத்துவதற்குப் பெயர் மரபா?

உப்பங்காற்று:
நடைபாதை எங்கே போடப்போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே. மணல் எங்கே இருக்கிறது?

இந்தக் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் தூரத்தில் நிற்கும், ஆளையும் சரக்கையும் மசூலா படகு கரைக்குக் கொண்டுவரும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த படகு அது, அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும். 1870களில் கடலுக்குள் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். 1881 புயல் அதை நாசமாக்கியும் விடவில்லை, மறுபடி கட்டினார்கள். சுவர் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் தாண்டியும் கரை கரைந்தது. தெருத்தெருவாகப் போனது. அதற்காகக் கொட்டியதுதான் பனைமரத்தொட்டி சொல்கிற கருங்கல். மெரினா மாதிரி எங்களுக்கும் ஒன்று என்று கேட்கிறீர்கள், அந்த மெரினாவில் கிடக்கிறதே எங்களுக்கு வர வேண்டிய மணல்தான்.

நடைவண்டி:
மணல் இல்லாவிட்டால் என்ன, கற்சுவர்மேல் நடைபாதை போட முடியாதா? புதுச்சேரியில் கல்லுக்குப் பக்கத்தில்தானே ஊரே நடக்கிறது. அப்புறம், நான் யாரையும் துரத்தச் சொல்லவில்லை. உடைந்த படகுகள் அடைத்திருக்கிற இடத்தையாவது சுத்தம் செய்யக் கூடாதா? 2023 பட்ஜெட்டில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் என்று ஆயிரம் கோடி ரூபாய் அறிவித்தார்கள். அதில் இந்தக் கரை மட்டும் எதற்கு விதிவிலக்கு?

லேலண்ட் மெக்கானிக்:
உடைந்த படகு குப்பை என்று யார் சொன்னது? அதில் இருந்து கழற்றிய சட்டம் இன்னொரு படகுக்குப் போகும், இன்ஜின் போகும், பித்தளை புரொப்பல்லருக்கு நல்ல விலை உண்டு. நான் கை வைக்கிற லேலண்ட் இன்ஜினில் பாதி இரண்டாவது படகில் ஓடுகிறது. 1948இல் ஆரம்பித்த அந்த அசோக் லேலண்ட் கம்பெனியின் ஆலை எண்ணூரில் இருக்கிறது, அதனால் இந்த ஏரியாவில் அந்த இன்ஜினைக் கழற்றி மாட்டத் தெரிந்தவன் தெருவுக்கு ஒருவன் இருப்பான். இதுவும் மரபுதான், போட்டோவில் எடுபடாது, அவ்வளவுதான்.

கோடியைப் பற்றிக் கேட்டால், முதலில் கரையில் வெளிச்சம், படகை இழுத்து ஏற்ற ஒழுங்கான சாய்தளம், கழிவு எண்ணெயைக் கொட்ட ஒரு தொட்டி. இப்போது அது எங்கே போகிறது என்று தெரியும்தானே? 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினார்கள். அதற்காக நாங்கள் யோக்கியர்கள் என்று சொல்லவில்லை.

பனைமரத்தொட்டி:
சரி அண்ணே, தொட்டியும் சாய்தளமும் உங்களுக்கு. தடைக்காலம் தவிர மற்ற மாதங்களில் சாலையை ஒட்டி ஒரு பத்தடி எங்களுக்கு விடுங்கள். பெஞ்சு, விளக்கு, பெண்களுக்கு ஒரு கழிப்பறை. மீன் ஏலத்துக்கு விடியற்காலையில் வந்து கூடையோடு உட்கார்கிற பெண்கள் எங்கே போகிறார்கள் என்று உங்கள் சங்கத்தில் யாராவது எப்போதாவது பேசியிருக்கிறீர்களா?

லேலண்ட் மெக்கானிக்:
பத்தடி என்று ஆரம்பிப்பீர்கள். அடுத்த வருஷம் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு வெல்டிங் சத்தம் பிடிக்காது, மீன் வாடை பிடிக்காது, புகார் போகும். கழிப்பறைக்கு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது.

பனைமரத்தொட்டி:
எழுதுகிறேன். பெஞ்சும் அதே மனுவில்தான் வரும்.

லேலண்ட் மெக்கானிக்:
அப்படியென்றால் இரண்டு மனுவாக எழுதும்மா.