வீட்டு மெயில் சர்வர்: 25-ஆம் போர்ட் அடைபட்டால் என்ன வழி?

வேளச்சேரிவாசி:
வீட்டில் ஒரு மினி பிசியில் டெபியன் லினக்ஸ் போட்டு, மெயில் அனுப்பி வாங்க போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியில் வைத்துப் படிக்க டோவ்காட் ஏற்றியிருக்கிறேன். சொந்த டொமைன் உண்டு, ஃபைபர் கனெக்‌ஷன். மெயில் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட்டை ரவுட்டரில் ஃபார்வர்ட் செய்தும் வெளியிலிருந்து ஒரு மெயில்கூட உள்ளே வரவில்லை. அனுப்பினால் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று கியூவிலேயே கிடக்கிறது. ரவுட்டரில் தெரியும் வேன் ஐபி (வெளிப்பக்க முகவரி) 100.72 என்று தொடங்குகிறது. வாரத்துக்கு 20, 30 மெயில்தான். எங்கே தப்பு?

கம்பித்தபால்:
போஸ்ட்ஃபிக்ஸில் தப்பே இல்லை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஐபி என்றால் சிஜிநாட். ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன; உங்கள் ரவுட்டரில் எதை ஃபார்வர்ட் செய்தாலும் வெளியாள் அதுவரை வந்து சேரவே முடியாது. அனுப்புவது நிற்பதற்குக் காரணம் வேறு: ஸ்பேமுக்குப் பயந்து வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் 25-ஐ ஐஎஸ்பிகள் (இணைய இணைப்பு தருபவர்கள்) அடைத்துவிடுகிறார்கள்.

ஸ்டாடிக் ஐபி (உங்களுக்கென்றே மாறாத பொது ஐபி) வாங்கினால் முதல் சிக்கல் மட்டும்தான் தீரும். மெயிலை வாங்கும் சர்வர்கள் பார்க்கும் பிடிஆர் ரெக்கார்டை (ஐபிக்கு உரிய பெயரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) ஐபிக்குச் சொந்தக்காரர்தான் மாற்ற முடியும். நேரே மெயில் அனுப்பக் கூடாத ஐபிகள் என்று சர்வர்கள் பார்க்கும் ஸ்பாம்ஹாஸ் பிபிஎல் பட்டியலில் வீட்டு ஐபி வரிசைகள் மொத்தமாக இருக்கும். நீங்கள் ஒரு ஸ்பேம்கூட அனுப்பியிருக்க வேண்டியதில்லை.

மெயில் வீட்டிலேயே இருக்கட்டும், வாசல் மட்டும் வெளியே. 1 ஜிபி ராம் உள்ள சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் வாடகைக்குக் கிடைக்கும் மெய்நிகர் சர்வர்) போதும். காசு கட்டும் முன் இரண்டு கேள்வி: வெளியே போகும் 25 திறந்திருக்கிறதா, பிடிஆர் வைக்க விடுவார்களா? விபிஎஸ் விற்பவர்களிலும் பலர் 25-ஐ மூடித்தான் தருகிறார்கள்.

வீட்டிலிருந்து விபிஎஸ்ஸுக்கு வயர்கார்டு (விபிஎன் டனல்) போடுங்கள். கூப்பிடுவது வீட்டுப் பக்கம் என்பதால் சிஜிநாட் குறுக்கே வராது. வீட்டுப் பக்க கான்ஃபிகில் பெர்சிஸ்டென்ட் கீப்அலைவ் 25 கட்டாயம்; 25 விநாடிக்கு ஒரு முறை டனலைத் தட்டி எழுப்பும், போர்ட் 25 அல்ல. விட்டால் கொஞ்ச நேரத்தில் நாட் வழி மூடிக்கொள்ளும், வந்த மெயில் விபிஎஸ்ஸிலேயே தேங்கும். டனலுக்குள் விபிஎஸ்ஸுக்கு 10.8.0.1, வீட்டுக்கு 10.8.0.2 என்று வைத்துக்கொள்வோம். விபிஎஸ்ஸிலும் போஸ்ட்ஃபிக்ஸ்: ரிலே டொமைன்ஸில் (யாருக்காக வாங்கிக் கடத்துவது) உங்கள் டொமைன், டிரான்ஸ்போர்ட் மேப்பில் (எங்கே கடத்துவது) 10.8.0.2, மைநெட்வொர்க்ஸில் (யாரை நம்பி வெளியே அனுப்புவது) லோக்கல்ஹோஸ்டோடு 10.8.0.2 மட்டும். வீட்டில் ரிலேஹோஸ்ட் (வெளியே போகும் மெயிலை ஒப்படைக்கும் சர்வர்) 10.8.0.1, சதுர அடைப்புக்குறிக்குள். அந்த அடைப்புக்குறி இருந்தால்தான் எம்எக்ஸ் (டொமைனுக்கு மெயில் வாங்கும் சர்வரைச் சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடாமல் நேரே போகும். விபிஎஸ்ஸின் ரிலே ரெசிப்பியன்ட் மேப்பில், உங்கள் டொமைனில் உண்மையில் இருக்கிற முகவரிகளை எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் இல்லாத முகவரிக்கு வரும் ஸ்பேமையும் வாங்கிக்கொண்டு, சம்பந்தமில்லாத யாருக்கோ பவுன்ஸ் (சேரவில்லை என்ற திருப்பு மெயில்) அனுப்பும்.

நாட்டாமை22:
மேலே சொன்னதில் ஒரு குறுக்குவழி தேடுவார்கள், அதில் இறங்க வேண்டாம். விபிஎஸ்ஸில் போஸ்ட்ஃபிக்ஸ் எதற்கு, ஐபிடேபிள்ஸ் ஃபயர்வாலில் டிநாட் (பாக்கெட் போகும் முகவரியை மாற்றும் விதி) எழுதி 25-ஐ டனலுக்குள் தள்ளலாமே என்று தோன்றும். பதில் பாக்கெட் திரும்பவில்லை என்று மாஸ்கரேட் வரி ஒன்றும் (வந்தவரின் ஐபியை மறைத்து விபிஎஸ் ஐபியைப் போடுவது) சேரும். வினை அங்கேதான். உலகத்தில் எவன் வந்தாலும் 10.8.0.1-லிருந்து வருவதாக வீட்டு போஸ்ட்ஃபிக்ஸ் நம்பும். 10.8.0.0/24 (டனலின் முழு ஐபி வரிசை) வீட்டு மைநெட்வொர்க்ஸில் இருந்தால் முடிந்தது, ஓப்பன் ரிலே: யார் வேண்டுமானாலும் உங்கள் வழியாக ஸ்பேம் அனுப்பலாம். லாகில் 'கனெக்ட் ஃப்ரம்' வரிகள் எல்லாமே ஒரே ஐபி காட்டினால் இதுதான் சங்கதி. கம்பித்தபால் சொன்ன அமைப்பிலும் வீட்டுக்கு 10.8.0.1 மட்டுமே தெரியும். அதனால் எஸ்பிஎஃப் (அந்த டொமைனுக்காக அனுப்ப அந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்பது), ஸ்பேம் சோதனையெல்லாம் விபிஎஸ்ஸிலேயே முடியட்டும்.

வேளச்சேரிவாசி:
நன்றி, புரிகிறது. பராமரிப்பு என்று காலை 9 முதல் 2 வரை கரண்ட் எடுக்கும் நாளில் வரும் மெயில்?

கம்பித்தபால்:
தொலைந்து போகாது. விபிஎஸ் கியூவில் இருக்கும், போஸ்ட்ஃபிக்ஸ் 5 நாள்வரை விடாமல் முயலும். யுபிஎஸ் வைப்பதானால் சர்வரோடு ஓஎன்டியையும் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) சேர்த்து வையுங்கள், அதை மறந்துவிடுவார்கள்.

டிஎன்எஸ்: எம்எக்ஸ், பிடிஆர், ஹெலோ பெயர் (சர்வர் தன்னை அறிமுகப்படுத்தும் பெயர்) மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். எஸ்பிஎஃப்பில் விபிஎஸ் ஐபி மட்டும். 2048 பிட் டிகேஐஎம் சாவி (மெயிலின் கையெழுத்தைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் வைப்பது) ஒரு துண்டுக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும், மேற்கோளுக்குள் இரண்டு துண்டாக உடைத்துப் போடுங்கள். விபிஎஸ்ஸில் ஐபிவி6 இருந்து அதற்கு பிடிஆர் இல்லையென்றால் ஜிமெயில் 550 (ஏற்க மறுப்பு) என்று திருப்பிவிடும். போஸ்ட்ஃபிக்ஸை ஐபிவி4-க்கு மட்டும் கட்டுப்படுத்துங்கள்.

போனில் படிக்க 993-ஐ (மெயில் படிக்கும் ஐமேப் போர்ட்) வெளியே திறக்காதீர்கள், போனையும் வயர்கார்டில் சேர்த்துவிடுங்கள். ஜிமெயிலுக்கு ஒரு மெயில் அனுப்பி, அங்கே அதன் ஒரிஜினலைத் திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் 'பாஸ்' வருகிறதா பாருங்கள். வரும்வரை டிமார்க் (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) 'none'-லேயே, அதாவது எதுவும் செய்ய வேண்டாம் என்றே, இருக்கட்டும்.