அலுமினிய கவருக்குள் ஒடஞ்சு நிக்கிற எம்8 டேப்: எப்படி எடுக்கிறது?

முதுநகர் லேத் (ஜூன் 6):
வணக்கம். கடலூர் முதுநகர்ல அப்பா வச்ச லேத் பட்டறையை நான் பாத்துக்கிறேன். ஒரு விசைப்படகு எஞ்சினோட டைமிங் கவர் வந்திருக்கு, அலுமினிய வார்ப்பு. தண்ணி பம்பு உக்கார்ற இடத்துல ஒரு எம்6 மரை உப்புல அரிச்சு மொத்தமா போயிடுச்சு. அதைப் பெருசாக்கி எம்8, அதாவது 8 எம்எம் மரையா ஆக்கித் தர்றேன்னு சொன்னேன். அதுக்கு வேண்டிய 6.8 எம்எம் துளை பிட்டு மழுங்கிக் கெடந்ததால 6.5லயே துளை போட்டுட்டேன். அடி மூடின துளை. மரை வெட்டுற டேப்பு பாதியில இறுகுச்சு. திருப்பி வெளியே எடுக்காம இன்னும் கால் சுத்து கொடுத்தேன், ஒடஞ்சுடுச்சு. முகப்புல இருந்து 3 எம்எம் உள்ள நிக்குது. ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டேப்பு, சுருள் வெளியேற பக்கவாட்டுல நாலு காடி. பிட்டு வச்சுப் பார்த்ததுல பிட்டு முனைதான் கருகுச்சு.

மீன்பிடித் தடைக்காலம் 14ந்தேதி முடியுது. 15ந்தேதி விடிகாலை அந்தப் படகு கெளம்பணும். புது கவர் வாங்கச் சொல்ல எனக்கு மனசு வரல, ரெண்டு மாசம் தொழில் இல்லாம இருந்தவங்க. வழி சொல்லுங்க.

தேங்காய்த்திட்டு டீசல்:
தம்பி, ஒடஞ்ச போல்ட்டு மேல நட்டு வச்சு வெல்டிங் அடிச்சு நான் நெறைய எடுத்திருக்கேன். சூடு ஏறி ஆறும்போது பிடி விட்டுடும். முயற்சி பண்ணிப் பாருங்க.

தட்டாஞ்சாவடி டூல்ரூம்:
வேண்டாம் தம்பி, வெல்டிங் பக்கமே போகாதீங்க. போல்ட்டு வேற, டேப்பு வேற. டேப்பு இரும்பு ரொம்பக் கடினம், வெல்டிங் பட்ட இடம் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சுத்தி இருக்கிறது அலுமினியம், 660 டிகிரியிலயே உருகிடும். 3 எம்எம் ஆழத்துல குச்சி வச்சா துளை வாய் முதல்ல போயிடும்.

முதல்ல காடிக்குள்ள நிக்கிற சுருளையெல்லாம் ஊசியால கெளறி, காத்து அடிச்சு எடுங்க. கண்ணாடி போட்டுக்குங்க. மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி ஊற விடுங்க. அப்புறம் நாலு விரல் உள்ள டேப் எக்ஸ்ட்ராக்டரைக் காடிகள்ல எறக்கி, அதோட வளையத்தை முகப்பு வரைக்கும் தள்ளி, முன்னயும் பின்னயும் மெதுவா அசைங்க. விரல் முறுக்கிக்கிட்டா அதோட நிறுத்திடணும். 6.5 துளையில இறுகினது லேசுல வராது.

வரலைன்னா படிகாரம். சவரக் கடையில தேய்க்கிற அதே சீனக்காரம்தான், நாட்டு மருந்துக் கடையில கிலோ கணக்குல கெடைக்கும். சூடான படிகாரத் தண்ணி இரும்பைத் தின்னும், அலுமினியத்தைத் தொடாது. ஆறின தண்ணியில லிட்டருக்கு நூறு கிராம் போலத்தான் கரையும். கொதிக்கிற தண்ணியில பல மடங்கு கரையும், அதனால அடுப்பு அணையாம சூடா வச்சிருக்கணும். எவர்சில்வர், இரும்புப் பாத்திரம் கூடாது, அலுமினியக் குண்டான் எடுங்க. மூடி போடாதீங்க, காத்தோட்டமான எடத்துல வைங்க.

கவர்ல டவல் பின் (கவரை எடம் மாறாம நிறுத்துற சின்ன முளை), ஆயில் சீல், புஷ்ஷுன்னு இரும்பு எது இருந்தாலும் கழட்டிட்டு எறக்குங்க. மறந்தா அதையும் சேர்த்துத் தின்னுடும்.

முதுநகர் லேத் (ஜூன் 7):
நன்றி ஐயா. எக்ஸ்ட்ராக்டர்ல ரெண்டு விரல் வளைஞ்சுடுச்சு, நிறுத்திட்டேன். ரெண்டு டவல் பின் இருந்துச்சு, நீங்க சொல்லலைன்னா அப்படியே எறக்கியிருப்பேன். ஹெச்எஸ்எஸ் கரையுமா ஐயா? சாதா கார்பன் ஸ்டீல்தான் கரையும்னு பக்கத்துப் பட்டறையில சொல்றாங்க.

தட்டாஞ்சாவடி டூல்ரூம்:
கரையும், நேரம் கூட எடுக்கும். துளை வாய் மேல பாத்து இருக்கணும். டேப்புல இருந்து சின்னச் சின்னக் குமிழ் வந்தா வேலை நடக்குதுன்னு அர்த்தம். குமிழ் நின்னா கறுப்புப் படிவை ஊசியால சுரண்டி விட்டு, புதுக் கரைசல் ஊத்துங்க.

முதுநகர் லேத் (ஜூன் 10):
வந்துடுச்சு ஐயா! பகல் முழுக்க அடுப்புல, ராத்திரி ஆறவிட்டு, மூணாவது நாள் மத்தியானம் டேப்பு மெலிஞ்சு கறுப்புக் குச்சி மாதிரி ஆடுச்சு. மூக்குக் குறடால பிடிச்சதும் வெளியே வந்துடுச்சு. கவரை நல்லா கழுவிக் காய வச்சேன். புது 6.8 பிட்டு விட்டு, மண்ணெண்ணெய் ஊத்தி, அரை சுத்து முன்ன கால் சுத்து பின்னன்னு புது டேப்பு எறக்கினேன். வாய்ல ஒரு மரை மட்டும் நசுங்கியிருக்கு, அது நான் பிட்டு வச்சு நோண்டினது. போல்ட்டு முழுசா பிடிச்சு நிக்குது. பம்பை மாட்டி வாட்டர் டெஸ்ட் பண்ணிட்டேன், கசிவு இல்ல.

தேங்காய்த்திட்டு டீசல்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. ஐயா, எங்கிட்ட வார்ப்பிரும்பு சிலிண்டர் ஹெட்ல எம்10 டேப்பு ஒண்ணு ஒடஞ்சு கெடக்கு. இதே படிகாரம் போடலாமா?

தட்டாஞ்சாவடி டூல்ரூம்:
போடவே கூடாது, ஹெட்டையே தின்னுடும். அதுக்கு ஸ்பார்க் எரோஷன், அதாவது மின்பொறியால உலோகத்தை அரிச்செடுக்கிற முறைதான். சுவிட்ச் முனைகள் தீப்பொறியால தேயுறதை எப்படித் தடுக்கிறதுன்னு ஆராயப் போன லஸரென்கோ தம்பதி, 1943ல சோவியத் நாட்டுல அந்தத் தேய்மானத்தையே வெட்டுற வேலைக்குத் திருப்பிட்டாங்க. மின்சாரம் பாயுற உலோகம் எவ்வளவு கடினமா இருந்தாலும் அறுக்கும். நம்ம புதுச்சேரி தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில அச்சு செய்யிற பட்டறைகள்ல விசாரிங்க. எம்10க்கு, பொறி விடுற செம்புக் குச்சி 5 எம்எம் போதும்னு சொல்லுங்க. நடுத்தண்டு போனாலே மிச்சம் நாலு துண்டா உதிர்ந்துடும், மரையில படாது.