பதில்: 'மக்கள் முன்முயற்சி' வேண்டாம், 'மக்கள் முன்மொழிவு' ஆகட்டும்

> நேரடி மக்களாட்சிப் பகுதிக்கு மூன்று சொற்கள் வந்துள்ளன: மக்கள் முன்முயற்சி, குடிமக்கள் மனு, மக்கள் முனைப்பு. ஒன்றை முடிவு செய்துவிடலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். மக்களே ஒரு வாசகத்தை எழுதி, கையெழுத்துத் திரட்டி, நாட்டின் வாக்குக்கு விடும் உரிமையை ஆங்கிலத்தில் 'initiative' என்கிறார்கள். அதற்குத் தமிழில் வந்திருக்கும் இந்த மூன்றில் எதையும் ஏற்க எனக்கு மனம் வரவில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில். ஆண்டுக்கு நான்கு தடவை வரை அம்மாவின் பெயருக்கு வாக்குச்சீட்டு உறை தபாலில் வரும். அதற்குள் அரசின் சிவப்புக் கையேடும் இருக்கும். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியம், ரோமாஞ்சு என்று நான்கு மொழிகளில் அதை அச்சிடுகிறார்கள். தமிழில் இல்லாததால் குசினி மேசையில் நான்தான் மொழிபெயர்ப்பாளர். 2024 மார்ச் 3 வாக்கெடுப்புக்கு வந்த கையேட்டில், முதியோர் ஓய்வூதியத்தை ஆண்டுக்கு 12 மாதத்துக்குப் பதில் 13 மாதக் கணக்கில் தரவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கொண்டுவந்த யோசனை இருந்தது. அம்மா கேட்டார்: "அப்ப இது சனங்கள் சேர்ந்து போட்ட பெட்டிசமோ?"

இல்லை என்றேன். வேறு என்னவென்று சொல்ல எனக்கு ஒரு தமிழ்ச் சொல் வரவில்லை.

பெட்டிசம், அதாவது மனு, போடுகிறவர் கேட்கிறவர். கொடுப்பதும் மறுப்பதும் மேலே இருப்பவர் கையில். இங்கே நடப்பது அதுவல்ல. 7 முதல் 27 பேர் வரையுள்ள ஒரு குழு, அரசியலமைப்பில் சேரவேண்டிய வாசகத்தைத் தானே எழுதுகிறது. 18 மாதத்துக்குள் 100,000 குடிமக்களின் கையெழுத்தைத் திரட்டுகிறது. செல்லாது என்று நாடாளுமன்றம் அறிவிக்கச் சில குறுகிய காரணங்கள் உண்டு. மற்றபடி அந்த வாசகத்தில் அது கைவைக்க முடியாது. ஏற்காதீர்கள் என்று பரிந்துரைக்கலாம், ஆனால் வாக்குக்கு விட்டே ஆகவேண்டும். 13 ஆவது மாத ஓய்வூதியத்தை அரசும் நாடாளுமன்றமும் வேண்டாமென்றுதான் பரிந்துரைத்தன. வாக்களித்தவர்களில் 58.2 விழுக்காட்டினர் வேண்டும் என்றார்கள், நிறைவேறிவிட்டது. இதை 'மனு' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2012 முதல் 'initiative' என்ற இதே பெயரில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அங்கே பத்து லட்சம் பேர் கையெழுத்திட்டாலும் சட்டம் கொண்டுவர ஐரோப்பிய ஆணையத்துக்குக் கட்டாயமில்லை. அதைக் 'குடிமக்கள் கோரிக்கை' என்றே எழுதலாம், சரியாகப் பொருந்தும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால், அதிகாரம் எங்கே இருக்கிறது என்பது வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

'முன்முயற்சி', 'முனைப்பு' இரண்டும் அகராதியைப் பார்த்துச் செய்தவை. ஊர் இளைஞர்கள் குளம் தூர்வாரினாலும் முன்முயற்சிதான். சட்டம் எழுதும் அதிகாரம் அந்தச் சொல்லில் எங்கும் இல்லை.

நம் ஊர்ச் சங்கக் கூட்டங்களை நினைத்துப் பாருங்கள். பழைய மாணவர் சங்கமோ கோயில் சபையோ, ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், பிறகு சபை முடிவெடுக்கும். சுவிஸ் நடைமுறையின் மூன்று படிகளும் இதேதான்: குழு முன்மொழிகிறது, லட்சம் பேர் வழிமொழிகிறார்கள், நாடு வாக்களிக்கிறது. ஆகவே என் பரிந்துரை 'மக்கள் முன்மொழிவு'. அம்மாவிடம் சொன்னேன். "ஓ, வழிமொழிய ஒரு லட்சம் பேர் வேணுமோ" என்றார். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இதிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. மக்கள் எழுதிய வாசகத்துக்கு எதிரே நாடாளுமன்றம் தன் வாசகம் ஒன்றை வைக்கலாம். வாக்காளர் இரண்டுக்கும் 'ஆம்' போடலாம், இரண்டும் வென்றால் எது முந்த வேண்டும் என்பதற்குத் தனிக் கேள்வி உண்டு. இதை 'எதிர்மொழிவு' என்று எழுத நினைத்தேன். ஆனால் பெரும்பாலும் அது பாதி ஒத்துப்போகும் சமரசமாகத்தான் வருகிறது, 'மாற்றுமொழிவு' நல்லது.

> வாக்கெடுப்புக்கு இலங்கை வழக்கான 'சர்வசன வாக்கெடுப்பு' போதாதா?

இது எனக்கு வலிக்கிற இடம். என் பெற்றோரின் தலைமுறைக்கு அந்தச் சொல் 1982 டிசம்பர் 22 ஐத்தான் நினைவூட்டும். 1977 இல் தெரிவான நாடாளுமன்றம், தேர்தல் வைக்காமல் மேலும் ஆறு ஆண்டு இருக்கலாமா என்று அரசே கேட்டது. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். யாழ்ப்பாணம் பெருவாரியாகக் குடத்துக்கு வாக்களித்தும் நாடளவில் விளக்கு வென்றது. மேலிருந்து ஆட்சியாளர் கேட்பதற்கு அந்தச் சொல் இருக்கட்டும். கீழிருந்து மக்கள் கேட்டு வருவதற்குத் தனிச்சொல் வேண்டும்.

நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை 100 நாளுக்குள் 50,000 கையெழுத்தால் வாக்குக்கு இழுக்கும் உரிமை சுவிஸில் 1874 முதல் இருக்கிறது (தொடக்கத்தில் 30,000 போதும்). இதை 'விருப்ப வாக்கெடுப்பு' என்றால், விரும்பினால் வாக்களிக்கலாம் என்று படிக்கத் தோன்றும். நண்பர் ஒருவர் 'மக்கள் மறியல்' என்றார். தமிழ்நாட்டில் அழகாகவே இருக்கும், எங்கள் பக்கத்தில் மறியல் என்றால் சிறை! 'கேட்பு வாக்கெடுப்பு' என்பது என் எண்ணம். மக்கள் கேட்டால் மட்டுமே அது நடக்கும்.

இரண்டு சிறு குறிப்புகள். மக்களிலும் மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும் என்பதற்கு 'இரட்டைப் பெரும்பான்மை' ஏற்கெனவே தெளிவாக இருக்கிறது. 2020 நவம்பரில் நிறுவனங்களின் பொறுப்பு பற்றிய முன்மொழிவு 50.7 விழுக்காடு பெற்றும் மாநிலங்களில் தோற்றது, எடுத்துக்காட்டுக்கு அது போதும். 'குடவோலை'யை வாக்கெடுப்புக்குச் சூட்டவேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். உத்திரமேரூரில் நடந்தது குலுக்கல். அயர்லாந்தில் 2016 இல் குலுக்கல் முறையில் 99 குடிமக்களைக் கூட்டினார்களே, அந்த மாதிரி அவைக்குக் 'குடவோலை அவை' என்றால் பொருத்தம் அப்படியே அமையும்.

எனக்கு அகப்படாதது ஒன்றுதான். அரசியலமைப்பைத் திருத்தும்போது யாரும் கேட்காமலே நடந்தாக வேண்டிய வாக்கெடுப்பு. 'கட்டாய வாக்கெடுப்பு' என்றால் கட்டாய வாக்களிப்பு என்று குழம்புவார்கள். ஷாஃப்ஹவுசன் மாநிலத்தில் வாக்களிக்காதவருக்கு உண்மையிலேயே தண்டம் உண்டு, அதைப் பற்றி எழுதும் பக்கத்தில் இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வரும். 'கேளா வாக்கெடுப்பு' எழுதிப் பார்த்தேன், காதுகேளாததுபோல் ஒலிக்கிறது. யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

அன்புடன்,
பேர்ணிலிருந்து