மடத்தில் இருக்கும் வயதான சிஸ்டரின் உடல்நலம்: குடும்பத்தார் எதைக் கேட்கலாம்?

முத்துநகர் வாசகி (கேள்வி):
என் பெரியம்மா துறவற சபை ஒன்றைச் சேர்ந்த சிஸ்டர். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது எண்பதை நெருங்கும் வயதில் சபையின் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அண்மையில் பார்க்கச் சென்றபோது இரண்டு கால்களும் வீங்கி, செருப்பு வாரின் தடம் புறங்காலில் குழிந்து நின்றது. "வயசானா இப்படித்தான், மதர்கிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றார். அங்கே நோயுற்றோரைக் கவனிக்கும் சிஸ்டருக்கே அறுபது கடந்துவிட்டது. சபையில் புதிதாகச் சேருவோர் குறைந்துவிட்டதால் அவருக்குத் துணையாக இருக்கவும் ஆளில்லை. அவர்கள் மீது எனக்குக் குறை ஏதுமில்லை. ஆனால் வார்த்தைப்பாடு (துறவற உறுதிமொழி) கொடுத்துச் சென்றவரின் மருத்துவத்தைப் பற்றி நாங்கள் கேட்பது தலையீடாகுமா? எந்தப் பரிசோதனைகளை வற்புறுத்த வேண்டும்?

திருச்சி செவிலியர்:
அழுத்தினால் குழி விழும் வீக்கத்தை முதுமையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும் கால் வீங்கும். இரத்தம், சிறுநீர், ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) ஆகியவற்றை இந்த வாரமே பார்த்துவிடுவது நல்லது. மூச்சு வாங்கினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மணமாகாதவருக்கு மார்பகமும் கர்ப்பப்பையும் சார்ந்த நோய்கள் வராது என்ற எண்ணம் நம் ஊரில் படித்தவர்களிடமும் இருக்கிறது. உண்மை அதற்கு நேர்மாறானது. கருவுறுதலும் பாலூட்டுதலும் இல்லாத உடலில் மாதவிடாய்ச் சுழற்சி இடைவெளியின்றித் தொடர்வதால், மார்பகம், சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர் ஆகியவற்றில் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. கன்னியாஸ்திரிகளிடையே மார்பகப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை இத்தாலிய மருத்துவர் ராமத்சினி 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறார். 2011இல் லான்செட் மருத்துவ இதழும் இதை மீண்டும் எழுப்பியது. நான் பணிபுரிந்த வார்டுக்கு ஒரு முதிய சிஸ்டர் வந்தபோது, மார்பில் கட்டி புண்ணாகி ஒழுகிக்கொண்டிருந்தது. மடித்த துணியை உள்ளே வைத்துக்கொண்டு, ஒரு நாள் தவறாமல் பூசைக்குச் சென்றிருந்தார். கூடவே வாழ்ந்தவர்களுக்குக் கூடத் தெரியவில்லை. ஆகவே பெண் மருத்துவரிடம் மார்பகப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் சொல்ல வேண்டும் என்பதைப் பெரியம்மாவிடம் தனியாக, வெளிப்படையாகப் பேசுங்கள். இதையெல்லாம் அவர் தாமாகச் சொல்லமாட்டார்.

அருள்சகோதரி ஒருவர்:
அன்புள்ள சகோதரி, தாராளமாகக் கேளுங்கள். நான் சில ஆண்டுகள் இல்லத் தலைவியாகப் பொறுப்பில் இருந்தவள். துறவியின் உழைப்பால் வருவதும், சபை விதி வேறாகச் சொன்னாலொழிய அவருடைய ஓய்வூதியமும் சபைக்கே உரியவை என்று 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 668ஆம் எண் சொல்கிறது. உறுப்பினரின் அழைத்தலுக்கு, அதாவது துறவு வாழ்வுக்கு, தேவையானவற்றைச் சபை தர வேண்டும் என்று 670ஆம் எண் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், உங்கள் பெரியம்மாவின் மருத்துவம் சபையின் கடமை என்பது விளங்கும்.

அதே வேளையில் எங்கள் நிலையையும் சொல்லிவிடுகிறேன். சமையற்கூடத்திலும் விடுதியிலும் கிராமப் பணித்தளங்களிலும் ஆயுளைக் கொடுத்த சிஸ்டர்களுக்கு ஓய்வூதியமே கிடையாது. ஆசிரியப் பணியிலிருந்தவர்களின் பணத்தில்தான் அவர்களுக்கும் மருந்து வாங்குகிறோம். உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றும் துறவியரின் ஊதியத்தில் வருமான வரிப் பிடித்தம் செல்லும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பிறகு, அந்தப் பொதுப் பணமும் சுருங்கியிருக்கிறது. ஆகவே கருவூலம் வழியாக ஓய்வூதியம் பெறுவோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரியம்மாவிடம் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் நடைமுறையில் உள்ளது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமல்லாமல், இயன்முறை மருத்துவமும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் இருப்பிடத்துக்கே வரும். மடமும் ஓர் இருப்பிடம்தான். கேட்டுப் பெறத்தான் தயங்குகிறோம்.

வலியை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறேன் என்று மூத்தவர்கள் மருந்தை மறுப்பதுண்டு. அந்தப் பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் நோயை மறைப்பதற்கு அது காரணமாகக் கூடாது என்பதை இல்லத் தலைவிதான் எடுத்துச் சொல்ல வேண்டும். பெரியம்மா தடுத்தாலும் கால்வீக்கத்தைப் பற்றி மதரிடம் இன்றே பேசிவிடுங்கள்.

பாளை வாசகர்:
என் அத்தையும் சிஸ்டர்தான். அவருக்கு மறதி நோய். அமெரிக்காவில் நோத்ர்தாம் சபையைச் சேர்ந்த 678 சிஸ்டர்களைக் கொண்டு, டேவிட் ஸ்னோடன் 1986இல் தொடங்கிய ஆய்வில், இறந்தபின் மூளையில் அல்சைமர் சிதைவு மிகுந்திருந்த சிலர், வாழ்ந்த காலத்தில் தெளிவாகவே இருந்தது தெரியவந்தது. எங்கள் அத்தையின் நோயும் அப்படியே வெகுகாலம் வெளியே தெரியவில்லை; மணியடித்ததும் சிற்றாலயத்துக்குச் செல்வார், செபமாலையில் ஒரு சொல் பிசகாது. ஆனால் இரவில் எழுந்தால் கழிவறைக்கு வழி தெரியாது, அப்படித்தான் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மறதி தெரிந்தால் பி12 குறைவு, தைராய்டு, காது கேளாமை, மனச்சோர்வு ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். இவை சரிசெய்யக் கூடியவை. பெரியம்மாவுக்குக் கால் வேறு வீங்கியிருப்பதால், கட்டிலிலிருந்து கழிவறை வரை கைப்பிடியும் இரவு விளக்கும் அமைக்கும் செலவை உங்கள் குடும்பம் ஏற்கலாம். நாங்கள் அத்தை விழுந்த பிறகுதான் அமைத்தோம். மடத்தில் தடை ஏதும் சொல்லவில்லை.