கடவுளிடம் குறை சொல்லி ஜெபிக்கலாமா? எப்படி?

லிங்கராஜபுரம்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். எவ்வளவு ஜெபித்தும் பதில் இல்லாமல், ஆண்டவர் கைவிட்டுவிட்டார் என்றே தோன்றும்போது, "ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று அவரிடமே கேட்கலாமா? வீட்டு ஜெபக்கூட்டத்தில் "முறுமுறுக்காதே, ஸ்தோத்திரம் சொல்லு" என்கிறார்கள். வாய் சொல்கிறது, மனசு ஒட்டவில்லை. கேட்கலாம் என்றால் எந்த வார்த்தையில், எவ்வளவு நேரம்? பெங்களூரில் ஒரு பிஜி ரூமில் மூன்று பேர் இருக்கிறோம், தனியிடம் கிடையாது.

வேதபாடம் அக்கா:
தாராளமாகக் கேட்கலாம் தம்பி. முறுமுறுப்பு வேறு, முறையீடு வேறு. பைபிளில் உபாகமம் 1:27 பாருங்கள். ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் உட்கார்ந்து "கர்த்தர் நம்மை வெறுத்துவிட்டார்" என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அதுதான் முறுமுறுப்பு. பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் பாடுகிற சங்கீதக்காரன் அதே கசப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்கிறான். "என்னை மறந்துட்டார்" என்பது படர்க்கை, "என்னை மறந்துட்டீங்களே" என்பது முன்னிலை. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரி முறையீடுதான்.

13-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை கேட்கிறான். அடுத்த இரண்டில் வேண்டுதல், கடைசி இரண்டில் நம்பிக்கை. ஒரு நோட்டில் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரித்து, முதல் பாகத்தில் உங்கள் சொந்த "எதுவரைக்கும்" நான்கை எழுதுங்கள். "கஷ்டமா இருக்கு" என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் நடக்காது. "மார்ச்சிலிருந்து பதினோரு இன்டர்வியூ, ஒரு போன்கூட வரல, எதுவரைக்கும்?" என்று தேதியும் கணக்குமாக எழுதவேண்டும். நடுப்பாகத்தில் ஒரே ஒரு வேண்டுதல், அதிகம் வேண்டாம். மூன்றாவது பாகம் வந்தால் எழுதலாம், வராவிட்டால் வெறுமையாக விடலாம்.

பெரும்பாலும் எங்கே தவறுகிறது என்றால், பாஷையில். "நீர், உம்முடைய, கிருபையாய்" என்று ஜெபத்தமிழ் வந்தவுடன் குறை தானாகவே வழவழவென்று ஆகிவிடும். வீட்டில் அம்மாவிடம் கோபித்துக்கொள்ளும் தமிழிலேயே எழுதுங்கள். இன்னொன்று, குறையைப் பாதி சொல்லும்போதே "ஆனாலும் உமக்கு ஸ்தோத்திரம்" என்று நாமே அவருக்கு வக்கீலாகிவிடுவது. அந்த "ஆனாலும்" பேனாவில் வரும்போது கையை நிறுத்தி, முன்னால் எழுதிய வாக்கியத்துக்கு முதலில் முற்றுப்புள்ளி வையுங்கள்.

பழைய கோயில்பிள்ளை:
இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிவாஜிநகர் மரியன்னை பசிலிக்காவில் திருப்பலி இல்லாத நேரம் பின்வரிசையில் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயமும் சரிதான், வியாழக்கிழமை மட்டும் வேண்டாம், நவநாள் கூட்டம் தாங்காது. நீங்கள் எந்தச் சபையாக இருந்தாலும் பரவாயில்லை.

ரூமிலேயே என்றால், பிள்ளை கேட்டு அழுது ஜெபித்த அன்னாளைப் பாருங்கள் (1 சாமுவேல் 1). உதடு மட்டும் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை. ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். மனசுக்குள் மட்டும் சொன்னால் வாக்கியம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதனால் உதடாவது அசையட்டும். பதினைந்து இருபது நிமிஷம் போதும். ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் புரண்டுகொண்டே செய்யவேண்டாம். அந்த நேரத்தில் முறையீடு வெறும் அசைபோடலாக மாறிவிடும். காலையில் செய்யுங்கள்.

அல்சூர் அடியேன்:
நான் சைவன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். உங்கள் கேள்வி தமிழுக்குப் புதிதல்ல என்று சொல்லவே வந்தேன். சுந்தரர் பார்வை இழந்து திருவாரூர் வந்து நின்றபோது பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 95-ஆவது. அடியார் தங்கள் அல்லலைச் சொன்னால் வாளா (பேசாமல்) இருப்பீர், "வாழ்ந்து போதீரே" என்கிறார். நீங்களாவது நன்றாக இருங்கள் என்று வயிறெரிந்து சொல்லும் சொல். அடுத்த பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், என்னை நீங்கள் விற்கலாம், நான் அடகுப்பொருள் அல்ல, விரும்பித்தான் அடிமையானேன், என் கண்ணை எடுத்ததால் பழி உமக்குத்தான் என்கிறார்.

இதில் கவனிக்கவேண்டியது, திட்டுவதற்கு முன்னால் உறவைச் சொல்கிறார். "மீளா அடிமை உமக்கே ஆளாய்" என்றுதான் பதிகமே தொடங்குகிறது. யாருடைய ஆள் என்று முதல் வரியில் சொல்லிவிட்டால், பிறகு எவ்வளவு கடுமையாகப் பேசினாலும் அது வீட்டுச் சண்டைதான். நீங்களும் "என் தேவனே" என்று தொடங்கிவிட்டுச் சண்டை போடலாமே. இங்கே அல்சூர் சோமேஸ்வரர் கோயிலிலும் இந்தப் பதிகத்தை மனமுருகிச் சொல்ல எந்தத் தடையும் இல்லை.

வேதபாடம் அக்கா:
அருமை ஐயா. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற வார்த்தையும் (சங்கீதம் 22:1) அப்படித்தான். "என்" இரண்டு தடவை வந்த பிறகுதான் "ஏன்".

நர்ஸ் மதினி:
யாரும் சொல்லாத ஒன்று. எலியா தீர்க்கதரிசி "போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்தபோது (1 இராஜாக்கள் 19) கடவுள் உடனே பேசவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து, தூங்கவிட்டு, திரும்ப எழுப்பிச் சாப்பிட வைத்தார். இரண்டு தடவை. பேச்சு அதற்கு வெகு பின்னால்தான். அதனால் வெறும் வயிற்றோடு, நைட் ஷிப்ட் முடிந்த கையோடு முறையிட உட்காராதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போய்விட்டால் டாக்டரைப் பாருங்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் காத்திருக்கவேண்டாம். 14416-க்குப் போன் பண்ணுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் இருக்கிறது. இதைச் செய்தால் விசுவாசம் குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அந்த அடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

லிங்கராஜபுரம்வாசி:
எல்லாருக்கும் நன்றி. உயிரை விடும் நினைப்பெல்லாம் இல்லை மதினி, தூக்கம்தான் சரியில்லை, டாக்டரைப் பார்க்கிறேன். அக்கா, 88-ஆம் சங்கீதத்தை இப்போதுதான் படித்தேன். 18 வசனத்திலும் கடைசிவரை நம்பிக்கை வரியே இல்லையே. அந்த மாதிரி நாளில் மூன்றாவது பாகத்துக்கு நானே ஏதாவது சேர்க்கவேண்டுமா?

வேதபாடம் அக்கா:
வேண்டாம் தம்பி. தோழனையும் தூரமாக்கினீர் என்ற புகாரோடு அது முடிகிறது, எபிரேயத்தில் கடைசிச் சொல்லே இருள். தொகுத்தவர்கள் அதற்கு வால் ஒட்டவில்லை, நீங்களும் ஒட்டாதீர்கள். ஆனால் 13-ஆம் வசனத்தைக் கவனித்தீர்களா, "காலையிலே என் விண்ணப்பம் உமக்கு முன்பாக வரும்" என்கிறான். பக்கத்தில் தேதி போட்டு நோட்டை மூடுங்கள். மறுநாள் காலையில் அதே பக்கத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து எழுதுங்கள்.