திருவையாறு வீட்டுக் குழு

கவிதா: அத்தை, ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் பறித்துக் கொடுத்த முளைக்கீரை அத்தனையும் மஞ்சளாகிவிட்டது. வெள்ளரிப் பிஞ்சும் அப்படித்தான். இரண்டு நாள்கூட ஆகவில்லை. அப்பாயி கையால் கிள்ளிக் கட்டியது, குப்பையில் போட மனசே வரவில்லை.

மலர் அத்தை: கூடவே ஒரு சீப்புப் பூவன் பழம் கொடுத்தேனே, அதை எங்கே வைத்தாய்?

கவிதா: எல்லாம் ஒரே கூடையில்தான்.

மலர் அத்தை: அதுதான் சங்கதி. பழுத்த பழத்துக்குப் பக்கத்தில் கீரை நிற்காது அம்மா.

செந்தில்: ஆமாம் அக்கா. பழுக்கும்போது வாழைப்பழத்திலிருந்து எத்திலீன் என்ற வாயு வரும். காயைப் பழுக்க வைப்பதும் அதுதான், கீரையின் பச்சையைப் போக்குவதும் அதுதான். தாத்தா வாழைத்தாரைப் பழுக்க வைக்கப் புகை மூட்டம் போடுவாரே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. மாம்பழம், தக்காளியிலிருந்தும் வரும்.

கவிதா: அப்போ பழத்தை ஃபிரிட்ஜில் வைத்துவிடட்டுமா?

செந்தில்: வேண்டாம். 13 டிகிரிக்குக் கீழே போனால் வாழைக்கு ஆகாது, தோல் கறுத்துவிடும். ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரிதான் இருக்கும்.

மலர் அத்தை: கயிற்றில் கட்டித் தொங்கவிடு. தரையில் வைத்தால் அடிப்பழம் நசுங்கி அழுகும். கீரையைக் கழுவாதே, வேரையும் நறுக்காதே. துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, அதில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை. இலையில் தண்ணீர் நின்றால் மறுநாளே கொழகொழவென்று ஆகிவிடும். கறிவேப்பிலை மட்டும் ஈரமே இல்லாமல் நிழலில் ஆறவிட்டு டப்பாவில் போடு.

பெரியப்பா: உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் ஒரே கூடையில் போட்டு வைக்காதே கவிதா. கிழங்கின் ஈரத்தில் வெங்காயம் முளைத்து அழுகும். ஐப்பசி, கார்த்திகையில் நீ இருக்கும் நாகப்பட்டினத்து ஈரக்காற்றுக்குச் சின்ன வெங்காயம் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு வாரம்கூடத் தாங்காது. மூங்கில் கூடையில் பரப்பிக் காற்றுப்பட வை. கிழங்கை இருட்டில் வை, வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறினால் கசக்கும், உடம்புக்கும் ஆகாது.

மலர் அத்தை: அப்பாயி பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறார், நான் ஃபோனில் தட்டுகிறேன். மண்சட்டியில் மணலைப் போட்டு லேசாகத் தண்ணீர் தெளித்து, எலுமிச்சையை ஒன்றோடொன்று ஒட்டாமல் புதைத்து வைக்க வேண்டுமாம். காயாமல் இருக்கும். இஞ்சிக்கும் அதேதான். மணல் காய்ந்தால் மறுபடி ஒரு கை தண்ணீர், அவ்வளவுதான்.

கவிதா: மாடியில் பழைய சட்டி ஒன்று சும்மா கிடக்கிறது. இன்றைக்கே வைத்துவிடுகிறேன் அப்பாயி.

பெரியப்பா: வெள்ளிக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன். கீரை கொண்டுவரட்டுமா?

கவிதா: கொண்டு வாருங்கள் பெரியப்பா. வெயில் ஏறுவதற்கு முன் பறித்தால் போதும், பஸ்ஸில் வாடாது. வாழைப்பழம் மட்டும் தனிப் பையில்.

மலர் அத்தை: சரி, விடியற்காலையிலேயே நான் பறித்துக் கட்டி வைத்துவிடுகிறேன்.