‘ஆன் ஃபர்ஸ்ட்-நேம் டெர்ம்ஸ்’: எவ்வளவு நெருக்கம்?

கேள்வி: ‘ஆன் ஃபர்ஸ்ட்-நேம் டெர்ம்ஸ்’ என்றால் நெருங்கிய நண்பர்கள் என்று அர்த்தமா? சில இடத்தில் ‘டெர்ம்ஸ்’ என்பதற்குப் பதில் ‘பேசிஸ்’ என்று வருகிறதே, எது சரி?

பதில் 1: இரண்டும் சரிதான். பிரிட்டனில் பெரும்பாலும் டெர்ம்ஸ், அமெரிக்காவில் பேசிஸ். பின்னால் ‘வித்’ வரும், ‘டு’ வராது. உயிர்த்தோழர்கள் என்றெல்லாம் இல்லை. மிஸ்டர், மிஸஸ் போடாமல் பேர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம், அவ்வளவே.

பதில் 2: ஒருவரைப் பேர் சொல்லி அழைக்கலாமா என்று மெயிலில் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் ‘டியர் மிஸ்டர் பிரவுன்’ என்றே எழுதுங்கள். பதிலின் அடியில் வெறும் ‘டேவிட்’ என்று இருந்தால், அடுத்த மெயிலில் ‘டியர் டேவிட்’ போடலாம். ‘மிஸ்டர் டேவிட்’ மட்டும் வேண்டாம். நம்மவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். மிஸ்டர் குடும்பப் பெயரோடுதான் ஒட்டும். ‘சர்’ பட்டம் நேர்மாறு: சர் ஐசக் உண்டு, சர் நியூட்டன் கிடையாது!

பதில் 3: குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இன்னொரு கூத்து. பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால், ‘மிஸ்டர் முருகேசன்’ என்று வெளிநாட்டவர் மரியாதையாக அழைப்பது அப்பாவைத்தான். ‘ப்ளீஸ் கால் மீ செல்வம்’ என்று முதல் மெயிலிலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.